சீட்டுக்குப் பின்னால் ஒரு பை!

தொலைதூரம் சைக்கிளில் போகிறவர்கள் எதை வாங்குவது? எப்படிக் கட்டுவது?

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது திருப்பருத்திக்குன்றம்.

சின்ன ஊர். ஆனால் பழைய ஊர். "ஜின காஞ்சி" என்று இதற்கு இன்னொரு பெயரும் உண்டு. வேகவதி ஆற்றின் பக்கத்தில், பல்லவர் காலத்தில் எழுந்த சமணக் கோவில் இங்கே இருக்கிறது. கோவில் மண்டபத்துக் கூரையில் தீர்த்தங்கரர்களின் கதையை வண்ண ஓவியங்களாக வரைந்திருக்கிறார்கள். அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள்.

பஸ்சில் வருவார்கள். காரில் வருவார்கள். இப்போது சைக்கிளிலும் வருகிறார்கள்!

சென்னையில் இருந்து காஞ்சிபுரம் சுமார் 75 கிலோ மீட்டர். விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் வந்து சேரலாம். அப்படி வருகிறவர்களின் சைக்கிளைப் பாருங்கள். கேரியர் இருக்காது. மணிகூடச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் சீட்டுக்குப் பின்னால், வால் முளைத்த மாதிரி, நீண்ட பை ஒன்று தொங்கும்.

அந்தப் பையைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

"பைதானே! அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். அந்தப் பையினால் ஒரு வாலிபர் லாரிச் சக்கரத்தில் விழப் பார்த்தார்!

சட்டையை இழுத்த சக்கரம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திருப்பருத்திக்குன்றத்தில் ஒரு டீக்கடை. சென்னை வாலிபர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வயது 22 இருக்கும். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"என்ன தம்பி, பஞ்சரா?" என்று கேட்டார், பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர். அவர் பட்டு நெசவாளி.

"இல்லை தாத்தா. பை கிழிந்துவிட்டது."

பையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. நடந்தது இதுதான்:

பை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியிருக்கிறது. பின் டயர் அதைத் தேய்த்திருக்கிறது. 60 கிலோ மீட்டர் தேய்த்தால் எந்தத் துணி தாங்கும்? ஓட்டை விழுந்தது. உள்ளே இருந்த சட்டையின் கை வெளியே வந்தது. அதைச் சக்கரம் பிடித்து இழுத்தது. சக்கரம் நின்றுவிட்டது. வாலிபர் ரோட்டில் சாய்ந்தார். பின்னால் வந்த லாரி டிரைவர் பிரேக் போட்டதால் உயிர் தப்பினார்!

"பையிலே என்னவெல்லாம் வைச்சிருக்கே?" என்று பெரியவர் கேட்டார்.

வாலிபர் ஒவ்வொன்றாக எடுத்து பெஞ்சில் வைத்தார். இரும்புச் சங்கிலிப் பூட்டு. ஸ்பானர் செட். 2 டியூப். பம்ப். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு. 3 சட்டை. ஒரு ஜீன்ஸ். செல்போன் சார்ஜ் செய்யும் பேட்டரி. ஒரு கனமான புத்தகம்.

"மொத்தம் எத்தனை கிலோ?"

"தெரியவில்லை தாத்தா."

"எடை தெரியாமலா ஏத்தினே? நாற்பது வருஷம் நான் சைக்கிளிலே சேலை மூட்டை கட்டிக்கிட்டுப் போனவன். ஒரு சேலைகூடச் சக்கரத்திலே சிக்கினது இல்லே. சிக்கியிருந்தா என் மூணு வாரக் கூலி போயிருக்கும்!"

பெரியவர் சொன்னதில் ஒரு பாடம் இருக்கிறது. பை புதிது. விலையும் அதிகம். ஆனாலும் ஆபத்து வந்தது. ஏன்? பை கெட்ட பை அல்ல. அந்தச் சைக்கிளுக்கு அது பொருந்தவில்லை. வைக்கக்கூடாததை அதில் வைத்திருந்தார். அவ்வளவுதான்!

திடீர் என்று ஏன் இந்தப் பை?

சைக்கிள் நமக்குப் புதிது அல்ல. சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் 1949-ல் தொடங்கியது. அதன் பிறகு தமிழ்நாட்டில் சைக்கிள் போகாத தெரு இல்லை. பால்காரர், தபால்காரர், வாத்தியார், நெசவாளி எல்லாரும் சைக்கிளில்தான் போனார்கள். அப்போது எல்லாச் சைக்கிளிலும் கேரியர் இருந்தது. சாமானைக் கேரியரில் வைத்துக் கட்டினால் வேலை முடிந்தது.

பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. சைக்கிள் மூலைக்குப் போயிற்று.

இப்போது சைக்கிள் வேறு வேடத்தில் திரும்பி வந்திருக்கிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. பஸ் நின்றது. உடற்பயிற்சிக் கூடங்களை மூடினார்கள். பலர் சைக்கிளை எடுத்தார்கள். முதலில் தெருமுனை வரை போனார்கள். பிறகு மகாபலிபுரம், காஞ்சிபுரம் என்று போனார்கள். ருசி கண்டுவிட்டார்கள்!

நெடுந்தூர சைக்கிள் சவாரிக்கு ஒரு கணக்கு உண்டு. பாரிஸ் நகரத்தில் 1904-ல் தோன்றிய ஒரு சங்கத்தின் விதிகளை உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். 200 கிலோ மீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி நேரம். 400-க்கு 27 மணி நேரம். 600-க்கு 40 மணி நேரம். முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. நேரத்துக்குள் வந்தால் வெற்றி. இந்த விதிப்படி நம் நாட்டிலும் சவாரிகள் நடக்கின்றன.

இதற்கெல்லாம் தாய் மாதிரி ஒரு சவாரி உண்டு. பாரிசில் புறப்பட்டு, பிரெஸ்ட் என்ற கடற்கரை ஊருக்குப் போய், மறுபடி பாரிசுக்குத் திரும்ப வேண்டும். தூரம் சுமார் 1,200 கிலோ மீட்டர். அதிகபட்ச நேரம் 90 மணி. இது முதலில் நடந்தது 1891-ல்! இப்போது 4 ஆண்டுக்கு ஒரு முறை நடக்கிறது. 2023-ல் நடந்தது. அடுத்த முறை 2027. இந்தியர்களும் போய்க் கலந்துகொள்கிறார்கள்.

இந்தச் சவாரிகளில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பின்னால் கார் வந்து உதவக் கூடாது. பஞ்சர் ஆனால் நீங்களே ஒட்ட வேண்டும். பசித்தால் நீங்களே தேடிச் சாப்பிட வேண்டும். ஆகவே தேவையானதை நீங்களே சுமக்க வேண்டும். இங்கேதான் பை வருகிறது.

காஞ்சிபுரத்துக்கு வடக்கே இருக்கும் தக்கோலத்தை எல்லாருக்கும் தெரியும். 949-ல் ராஜாதித்த சோழன் போரில் மாண்ட இடம். அங்கே மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் பயிற்சி நிலையம் இருக்கிறது. 2025 மார்ச் 7-ந் தேதி, மத்திய மந்திரி அமித்ஷா அங்கிருந்துதான் ஒரு பெரிய சைக்கிள் பயணத்தைத் தொடங்கி வைத்தார். படை வீரர்கள் 125 பேர், அவர்களில் பெண்கள் 14 பேர், குஜராத்தில் இருந்தும் மேற்கு வங்காளத்தில் இருந்தும் இரண்டு அணிகளாகப் புறப்பட்டார்கள். கடற்கரை ஓரமாக 6,553 கிலோ மீட்டர் வந்து, 25 நாளில் கன்னியாகுமரியில் சேர்ந்தார்கள்.

இதைப் பார்த்த பிள்ளைகள், "நாமும் போனால் என்ன?" என்று கேட்கிறார்கள். போகலாம். ஆனால் படை வேறு, தனி ஆள் வேறு. தனியாகப் போகிறவருக்குத் துணை அவருடைய பைதான்!

மூன்று வகைப் பைகள்

குதிரைச் சேணத்தில் தொங்கவிட்ட பைதான் இதற்கு மூதாதை. குதிரை போய்ச் சைக்கிள் வந்தது. பை மட்டும் நின்றுவிட்டது. இன்று கடைகளில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

ஒன்று, குறுக்குப் பை. பழைய தோல் சீட்டின் பின்பக்கம் இரண்டு துளைகள் இருக்கும். நம் தாத்தாக்கள் அதில் ஸ்பானர் வைக்கும் சின்னத் தோல் பையை மாட்டியிருப்பார்கள். அதன் பெரிய உருவம்தான் குறுக்குப் பை. இங்கிலாந்தில் நெல்சன் என்ற ஊரில் கேரடைஸ் என்ற கம்பெனி 1932 முதல் இதைத் தயாரிக்கிறது. துணி எது தெரியுமா? கெட்டிப் பருத்தி! நனைந்ததும் பருத்தி நூல் உப்பிக்கொள்ளும். நூலுக்கு நூல் இடைவெளி அடைபடும். தண்ணீர் எளிதில் உள்ளே போகாது. திருப்பருத்திக்குன்றத்தின் பெயரிலேயே இருக்கிற பருத்தி, சீமையில் மழைக்குக் குடையாக வேலை செய்கிறது!

இரண்டு, வால் பை. இப்போது அதிகமாக விற்பது இதுதான். சீட்டின் அடியில் ஓடும் இரண்டு கம்பிகளிலும், சீட்டைத் தாங்கும் பில்லரிலும் இதை வாரினால் கட்ட வேண்டும். கேரியர் தேவை இல்லை. மேடு பள்ளத்தில், காட்டுப் பாதையில் போகிறவர்களுக்கு வசதி. காற்றை அதிகமாகத் தடுக்காது. ஆனால் எடை தாங்காது. 3 முதல் 5 கிலோ வரைதான் பெரும்பாலானவை தாங்கும்.

மூன்று, இரட்டைப் பொதிப் பை. கேரியரின் இரண்டு பக்கமும் தொங்குவது. பொதி மாட்டின் முதுகில் இரு பக்கமும் மூட்டை தொங்குமே, அதே முறை. அதிகம் கொள்ளும். எடை கீழே இருக்கும். ஆட்டம் குறைவு. ஆனால் கேரியர் வேண்டும். சைக்கிள் அகலமாகிவிடும். எதிர்க்காற்றில் கால் வலிக்கும்.

எதை வாங்குவது? இரண்டு நாள் பயணம், லாட்ஜில் அல்லது சொந்தக்காரர் வீட்டில் தங்கல் என்றால் வால் பையோ குறுக்குப் பையோ போதும். ஒரு வாரம், கூடாரம் அடித்துத் தூங்கி, சமைத்துச் சாப்பிட்டுப் போவது என்றால் கேரியரும் இரட்டைப் பையும் நல்லது.

பையின் கொள்ளளவை லிட்டரில் சொல்வார்கள். பயப்பட வேண்டாம். அரை லிட்டர் பால் பாக்கெட் 20 வைத்தால் எவ்வளவு இடம் அடைக்கும்? அதுதான் 10 லிட்டர் பை. வால் பைகள் 5 லிட்டரில் இருந்து 17 லிட்டர் வரை கிடைக்கின்றன. முதல் தடவை வாங்குகிறவர் 10 லிட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. பெரிய பை வாங்கினால், அதை நிரப்ப வேண்டும் என்று கை அரிக்கும்!

ஒரு சாண் கணக்கு

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள்.

சைக்கிள் சீட்டை உங்கள் உயரத்துக்குச் சரியாக வையுங்கள். சீட்டின் அடிக்கம்பிக்கும் பின் டயருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு சாணும் அதற்கு மேலும் இருந்தால் பெரிய வால் பை பொருந்தும். ஒரு சாணுக்குக் குறைந்தால் சின்னப் பைதான். நாலு விரல் அளவுதான் இருக்கிறது என்றால், வால் பையை மறந்துவிட்டுக் கேரியர் போடுங்கள்.

உயரமானவர்களுக்கு இந்த இடைவெளி தானாகவே கிடைக்கும். குள்ளமானவர்களுக்கும், பல பெண்களுக்கும், பிள்ளைகளுக்கும் கிடைக்காது. டீக்கடைக்கு வந்த வாலிபரின் சைக்கிளில் முக்கால் சாண்கூட இல்லை. அவர் வாங்கியதோ பெரிய பை. நண்பர் வாங்கினார் என்று இவரும் வாங்கியிருக்கிறார். நண்பர் ஆறு அடி உயரம்!

சட்டைக்கு அளவு எடுக்கிறோம். செருப்பைப் போட்டுப் பார்த்து வாங்குகிறோம். பைக்கும் அளவு பார்க்க வேண்டாமா?

இன்னொன்று. பையை நிரப்பிக் கட்டிய பிறகு சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். பெடல் மிதிக்கும்போது தொடையின் பின்பக்கம் பை உரசக் கூடாது. வீட்டு வாசலில் சின்ன உரசல்தான். நூறாவது கிலோ மீட்டரில் அது புண்!

எடையை எங்கே வைப்பது?

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து வருகிற பெண்ணைப் பாருங்கள். குடத்தை உடம்போடு ஒட்டி வைத்திருப்பார். கையை நீட்டி, தள்ளிப் பிடித்தால் அதே குடம் இரண்டு மடங்கு கனக்கும்.

சைக்கிளுக்கும் இதே நியாயம்தான். கனமான பொருள் கீழே இருக்க வேண்டும். சைக்கிளின் நடுவோடு ஒட்டி இருக்க வேண்டும். உயரத்தில், பின்னால், நீட்டிக்கொண்டு தொங்கினால் அது ஊஞ்சல் ஆடும். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது பை ஒரு பக்கம் போகும், சைக்கிள் மறுபக்கம் போகும். பின்பாரம் அதிகமானால் முன்சக்கரம் லேசாகிவிடும். ஹேண்டில்பார் சொன்ன பேச்சைக் கேட்காது.

ஆகவே பூட்டு, ஸ்பானர், டியூப், தண்ணீர் இவற்றைப் பிரேமின் முக்கோணத்தில் வையுங்கள். அதற்கென்று பிரேம் பை விற்கிறது. இல்லாவிட்டால் பிரேம் குழாயோடு சேர்த்துக் கட்டலாம். சீட்டுப் பையில் என்ன வைப்பது? இடத்தை அடைக்கும், ஆனால் எடை இல்லாத பொருள்கள். அதாவது துணிமணி, போர்வை.

டீக்கடைப் பெரியவர் இதைத்தான் செய்தார். பக்கத்து சைக்கிள் கடையில் ஒரு பழைய டியூபை வாங்கி வரச் சொன்னார். அதை நீளவாக்கில் பட்டையாக வெட்டினார். தண்ணீர் பாட்டிலையும் பூட்டையும் பிரேமில் வைத்து, பெருக்கல் குறி மாதிரி குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினார்.

"கயிறு தளரும் தம்பி. ரப்பர் இழுத்துப் பிடிக்கும். சேலை மூட்டையை நாங்க இதாலேதான் கட்டுவோம்" என்றார்.

அடுக்கும் முறை

பையில் அடுக்குவதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு.

1. உள்ளதில் கனமானதை முதலில் போடுங்கள். அது பில்லரை ஒட்டி இருக்க வேண்டும். லேசானது வால் நுனிக்கு.

2. துணியைப் பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டுங்கள். மூலை முடுக்கில் காலுறையைத் திணியுங்கள். உள்ளே காலி இடம் இருந்தால் பை ஆடும்.

3. காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு, வாயை மூன்று சுற்றுச் சுருட்டி மூடுங்கள்.

4. முதலில் சீட்டுக் கம்பி வாரை இழுங்கள். பிறகு பில்லர் வாரை இறுக்குங்கள். பையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பை ஆடினால் சைக்கிளும் சேர்ந்து ஆட வேண்டும். பை மட்டும் தனியாக ஆடினால் கட்டு சரியில்லை.

5. மீதி வார் நுனிகளைத் தொங்கவிடாதீர்கள். மடித்துச் செருகுங்கள்.

6. புறப்பட்டு 5 கிலோ மீட்டர் போனதும் ஒரு முறை இறங்குங்கள். சாமான் உள்ளே படிந்திருக்கும். வார் தளர்ந்திருக்கும். மறுபடி இறுக்குங்கள். ஒவ்வொரு டீக்கும் ஒரு பார்வை பாருங்கள்.

சீட் பில்லர் கார்பன் என்ற பொருளால் ஆனது என்றால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். வாரில் மணல் புகுந்து பில்லரை அரம் மாதிரி ராவும். கட்டும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் டேப் ஒட்டிவிட்டால் போதும்.

மழைக்கு எது?

1981-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹார்ட்மூட் ஆர்ட்லீப் என்ற இளைஞர் இங்கிலாந்தில் சைக்கிள் பயணம் போனார். அடைமழை. சாமான் எல்லாம் நனைந்தது. எதிரே போன ஒரு லாரியைப் பார்த்தார். அதன் மேல் தார்ப்பாய் போட்டிருந்தது. லாரிச் சரக்கு நனையவில்லை!

ஊர் திரும்பியதும் லாரித் தார்ப்பாயில் ஒரு சைக்கிள் பை தைத்தார். பிறகு கம்பெனி தொடங்கினார். இன்று அது உலகம் அறிந்த கம்பெனி.

அவர் கற்ற பாடம் நமக்கும் பொருந்தும். தண்ணீர் துணி வழியாக வருவதைவிட, தையல் ஊசித் துளை வழியாகத்தான் அதிகம் வரும். ஆகவே தைக்காமல், சூட்டில் ஒட்டிய பை மழைக்கு நல்லது. தைத்த பைதான் இருக்கிறது என்றால் கவலை வேண்டாம். துணியைக் கனமான பாலிதீன் உறையில் கட்டி, அதற்குப் பிறகு பையில் வையுங்கள்.

நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. அந்த மாதங்களில் மேலே இருந்து வரும் தண்ணீரைவிட, பின்சக்கரம் வாரி அடிக்கும் சேறுதான் பையைக் கெடுக்கும். அழகுக்காக மட்கார்டைக் கழற்றி எறிந்தவர்களுக்கு அப்போது தெரியும் அதன் அருமை!

விளக்கை மறைக்காதே!

இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

சீட்டுப் பை கட்டியதும், சீட்டுக்குக் கீழே இருக்கும் சிவப்பு விளக்கு மறைந்துவிடும். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. விளக்கைப் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாகப் போவார். பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணுக்கு இருட்டு மட்டும்தான் தெரியும்.

முன்பு விளக்கு இல்லாமல் சைக்கிள் ஓட்டினால் போலீஸ்காரர் பிடிப்பார். டைனமோ விளக்குக்கும் எண்ணெய் விளக்குக்கும் அவ்வளவு மரியாதை. இப்போது யாரும் பிடிப்பதில்லை. ஆனால் லாரி மட்டும் முன்பைவிட வேகமாக வருகிறது!

பை வாங்கும்போது, அதன் பின்பக்கம் விளக்கு மாட்ட ஒரு பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது தளராமல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் விளக்கைப் பின்சக்கரத்துக்கு மேலே செல்லும் பிரேம் கம்பியில் மாட்டுங்கள். ஒளி திருப்பும் பட்டையைப் பையில் ஒட்டுங்கள். பிறகு சைக்கிளை நிறுத்திவிட்டு, இருபது அடி பின்னால் போய் நின்று பாருங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால்தான் லாரிக்காரர் கண்ணுக்கும் தெரியும்.

பணம் இல்லாதவர் என்ன செய்வது?

சில நூறு ரூபாயில் சின்னப் பை கிடைக்கும். வெளிநாட்டுப் பைகளில் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுவதும் உண்டு. எல்லாரும் வாங்க முடியுமா? வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. நம் ஊர்ச் சைக்கிளில் நல்ல கேரியர் இருக்கிறது. அதில் ஒரு கான்வாஸ் பையைப் படுக்க வைத்து, டியூப் பட்டையால் இறுக்கிக் கட்டினால் திருவண்ணாமலை வரை போய் வரலாம். தெரிந்த தையல்காரரிடம் கெட்டித் துணி கொடுத்தால் பை தைத்துத் தருவார். வாரும் கொக்கியும் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும்.

இந்த விஷயம் ஊர் சுற்றுகிறவர்களுக்கு மட்டும் அல்ல. பள்ளிப் பிள்ளைகளுக்கும் உரியது.

தமிழக அரசு 2001-2002-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-2006 முதல், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ்-1 படிக்கும் மாணவ மாணவிகளுக்கு விரிவுபடுத்தியது. அந்தப் பிள்ளைகள் புத்தகப் பையைக் கேரியரில் செருகிக்கொண்டு போகிறார்கள். பையின் தோள்பட்டை வார் கீழே தொங்குகிறது. அது ஸ்போக்கில் சிக்கினால் என்ன ஆகும்? டீக்கடை வாலிபருக்கு ஆனதுதான் ஆகும்.

தாய்மார்களே! காலையில் பிள்ளை புறப்படும்போது டிபன் டப்பாவைப் பார்ப்பதுபோல் பை வாரையும் ஒரு பார்வை பாருங்கள். துப்பட்டாவைப் பின்னால் பறக்கவிடாமல் கட்டச் சொல்லுங்கள். நீங்கள் ஓட்டினால் முந்தானையை இடுப்பில் செருகுங்கள்.

புதுக்கோட்டையை நினைத்துப் பாருங்கள். அங்கே 1991-ல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்துக் கற்க வந்த ஆயிரக்கணக்கான பெண்கள் கூடவே சைக்கிளும் கற்றார்கள். ஒரு கையில் சிலேட்டு, மறு கையில் ஹேண்டில்பார்! தண்ணீர்க் குடத்தையும் விளைபொருளையும் குழந்தையையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சுமையைச் சரியாகக் கட்டத் தெரிந்ததால்தான் அந்தச் சைக்கிள் அவர்களுக்குச் சொந்தக் கால் ஆயிற்று.

குறைவாக எடு, தூரம் போ!

கடைசியாக, எந்தக் கடையிலும் விற்காத ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் வேண்டாம் என்று சொல்லும் மனசு.

1923-ல் பம்பாயில் இருந்து 6 பார்சி இளைஞர்கள் உலகத்தைச் சுற்றச் சைக்கிளில் புறப்பட்டார்கள். அவர்களில் ஆதி ஹக்கீம், ஜால் பாபசோலா, ருஸ்தம் பும்காரா என்ற 3 பேர் சுமார் 71,000 கிலோ மீட்டர் சுற்றி 1928-ல் ஊர் திரும்பினார்கள். இன்றைய பையும் இல்லை, பேட்டரியும் இல்லை. ஆனாலும் போய் வந்தார்கள்!

திருப்பருத்திக்குன்றத்துக் கோவில் சமணக் கோவில். திகம்பர முனிவர்கள் ஊர் ஊராக நடந்தே போவார்கள். கையில் ஒரு மயிற்பீலி, ஒரு கமண்டலம். பெரிதாக வேறு சுமை கிடையாது.

நாம் முனிவர்கள் அல்ல. நமக்கு ஒரு மாற்றுச் சட்டை வேண்டும். ஆனால் மூன்று வேண்டுமா? ஜீன்ஸ் எதற்கு? ஒரு கைலி போதும். மாற்று உடை, போர்வை, துண்டு என்று மூன்று வேலை செய்யும்! தமிழ்நாட்டு ரோட்டில் டீக்கடை இல்லாத பத்து கிலோ மீட்டர் அபூர்வம். சாப்பாட்டு மூட்டை எதற்கு? ஒரு டியூப், பம்ப், ஒட்டுப் போடும் சாமான், விளக்கு, மருந்து, கொஞ்சம் பணம். இவைதான் அவசியம்.

எடுத்து வைத்ததை எல்லாம் இரவே பாயில் பரப்புங்கள். ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: "நீ இல்லாவிட்டால் நான் வழியில் நின்றுவிடுவேனா?" இல்லை என்றால் அது வீட்டில் இருக்கட்டும். மீதியைத் தராசில் வையுங்கள். பையோடு சேர்த்து நாலு கிலோவைத் தாண்டினால் மறுபடி பரப்புங்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பை கட்டிக்கொண்டு பக்கத்து ஊர் வரை போய் வந்து பாருங்கள். குறை எல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அந்த வாலிபர் என்ன ஆனார்?

பெரியவர் கட்டிக்கொடுத்த சைக்கிளில் கோவிலைப் பார்த்துவிட்டு, செவிலிமேடு வழியாகத் திருவண்ணாமலை ரோட்டைப் பிடித்தார். ஜீன்சையும், இரண்டு சட்டையையும், புத்தகத்தையும் டீக்கடையில் கொடுத்து, "நாளைக்குத் திரும்பும்போது வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"வந்தாருங்க. மறுநாள் சாயங்காலமே வந்துட்டாரு. ஒரு டீ சாப்பிட்டாரு. அந்தத் துணியெல்லாம் இல்லாமலே போய் வந்துட்டேன்னு சொல்லிச் சிரிச்சாரு. அப்புறம் பெரியவரு வீடு எதுன்னு கேட்டுக்கிட்டுப் போனாரு" என்றார்.